லீலா மஜும்தாரும் வங்கத்துக் குழந்தைகளின் விஞ்ஞானக் கதைகளும்

குழந்தைகளுக்கு நூல் எழுதுவது எளிய காரியம் என்று எண்ணுவோர் பலர். விஞ்ஞானத்தைக் குழந்தைகளுக்குச் சொல்வது அரிய காரியம் என்று எண்ணுவோரும் பலர். இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, விஞ்ஞானமும் வேண்டும், கதையும் வேண்டும், அது தாய்மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று ஒருவர் கேட்பாராயின், அதற்கு விடை கூறுவோர் சிலராகவே இருப்பர். அச்சிலருள் ஒருவர் வங்காள நாட்டு எழுத்தாளர் லீலா மஜும்தார் அம்மையார். 1908-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்து, 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், நூறாவது வயது நடந்துகொண்டிருக்கையில் மறைந்தவர் அவர். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வாழ்ந்து, அந்நூற்றாண்டின் பெரும் பகுதியைக் குழந்தைகளுக்கு எழுதுவதிலேயே செலவிட்ட இவ்வம்மையாரின் வரலாற்றை அறிய வேண்டுமானால், ஒரு குடும்பத்தின் வரலாற்றையும், ஒரு பத்திரிகையின் வரலாற்றையும் நாம் சேர்த்தே அறிதல் வேண்டும்.

அப்பத்திரிகையின் பெயர் ‘சந்தேஷ்’. வங்க மொழியில் இச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. செய்தி என்பது ஒரு பொருள். பாலைத் திரித்தெடுத்த சேனாவில் சர்க்கரை சேர்த்துச் செய்யும் இனிப்புப் பண்டம் என்பது மற்றொரு பொருள். அறிவைத் தருவதும் நாவுக்கு இனிப்பதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் கருத்தை ஒரே சொல்லில் அடக்கி, 1913-ஆம் ஆண்டில் அப்பத்திரிகையைத் தொடங்கியவர் உபேந்திரகிசோர் ராய் சௌதுரி. லீலாவின் தந்தைக்கு இவர் தமையனார். ஆகவே லீலாவுக்குப் பெரியப்பா.

உபேந்திரகிசோர் கதாசிரியர் மட்டுமல்லர். ஓவியர், இசை வல்லுநர், அச்சுக்கலை ஆராய்ச்சியாளர். அவர் ஆராய்ச்சியாளர் ஆன காரணம் நாம் கவனிக்கத்தக்கது. குழந்தைகளுக்காக அவர் எழுதிய இராமாயணத்தில் தாமே வரைந்த படங்களைச் சேர்த்திருந்தார். அக்காலத்து மரக்கட்டை அச்சில் அப்படங்கள் சிதைந்து போயின. குழந்தை கையில் எடுக்கும் படம் இப்படி இருக்கலாமா என்று மனம் வருந்திய அவர், இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, புகைப்படங்களைச் சிறு சிறு புள்ளிகளாக மாற்றி அச்சிடும் ‘ஹாப்-டோன்’ முறையைத் தாமே கற்றார். கற்றதோடு நில்லாமல் அம்முறையில் திருத்தங்களும் கண்டார். அவருடைய கட்டுரைகள் ‘பென்ரோஸ்’ என்னும் ஆங்கில அச்சுக்கலை ஆண்டு மலரில் வெளிவந்தன. குழந்தைக்கு நல்ல படம் கொடுக்க வேண்டும் என்னும் ஆவலே ஒருவரை ஒளியியலுக்கு அழைத்துச் சென்றது. 1903-ல் அவர் வெளியிட்ட ‘சேகாலேர் கதா’ என்னும் நூல், மனிதன் தோன்றுவதற்கு முன் இவ்வுலகில் உலாவிய விலங்குகளைக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்தது. இயற்கை வரலாறு இக்குடும்பத்தில் இவ்வாறு வீட்டுப் பேச்சாகவே வழங்கி வந்தது.

விஞ்ஞானக் கற்பனைக் கதையும் இக்குடும்பத்தின் வாசலுக்கு ஒரு விசித்திரமான வழியில் வந்து சேர்ந்தது. உபேந்திரகிசோரின் தங்கையை மணந்தவர் ஹேமேந்திரமோகன் போஸ். வாசனைப் பொருள்களும் ‘குந்தலீன்’ என்னும் கூந்தல் தைலமும் செய்து விற்ற வணிகர் இவர். தம் தைலம் விளம்பரமாகத் தோன்றாமல், கதையினூடே இயல்பாக வந்து போக வேண்டும் என்னும் நிபந்தனையோடு ஒரு சிறுகதைப் போட்டியை இவர் 1896-ல் நடத்தினார். பரிசு பெற்ற கதையை எழுதியவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ்! கல்கத்தாவைத் தாக்க வந்த புயல் திடீரென்று காணாமற் போகிறது. வானிலை அறிஞர்கள் காரணம் தெரியாமல் திகைக்கின்றனர். கடலில் ஒரு பயணி எறிந்த ஒரு புட்டித் தைலம் அலைகளை அடக்கிவிட்டது என்பதே கதை. எண்ணெய் நீர்ப்பரப்பின் கொந்தளிப்பைத் தணிக்கும் என்னும் உண்மை மீது கட்டிய வேடிக்கை இது. இந்திய மொழிகளில் தோன்றிய முற்காலத்து விஞ்ஞானக் கதைகளுள் இது ஒன்று.

பெண் எழுத்தாளர் ஒருவரும் இத்துறைக்கு விரைவிலேயே வந்தார். வங்கத்தைச் சேர்ந்த ரொக்கையா சகாவத் ஹுசேன் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதை 1905-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதை வெளியிட்டது நமது சென்னை மாநகரிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்னும் பத்திரிகை என்பது நாம் மகிழ்ந்து நினைவில் வைக்கத்தக்கது. அக்கதையில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கின்றனர். பெண்கள் நாட்டை ஆள்கின்றனர். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமையல் செய்கின்றனர். மேகத்திலிருந்து குழாய் வைத்து நீரை இறக்கிக்கொள்கின்றனர். வானத்தில் ஊர்தி ஏறிச் செல்கின்றனர். ஆனால் அக்கதை பெரியோருக்கு எழுதப்பட்டது. சமூகத்தை இடித்துரைப்பதற்காக எழுதப்பட்டது. வங்கத்துக் குழந்தைகளுக்கு அவர்கள் மொழியிலேயே இத்தகைய கதைகளை ஒரு பெண்மணி சொல்ல இன்னும் பல ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

லீலாவின் தந்தை பிரமதாரஞ்சன் ராய் இந்திய நில அளவைத் துறையில் பணி புரிந்தவர். நில அளவை என்றால் இன்று நமக்கு மேசையும் வரைபடமுமே தோன்றும். அக்காலத்தில் அது கோலும் சங்கிலியும் கருவிகளும் சுமந்து, யானையும் புலியும் நடமாடும் காடுகளில் மாதக்கணக்கில் கூடாரம் அடித்துத் தங்கும் தொழில். பர்மா எல்லையிலும் அசாம் மலைகளிலும் தாம் கண்டவற்றை அவர் ‘பனேர் கபர்’, அதாவது ‘வனத்தின் செய்தி’, என்னும் நூலாக எழுதினார். அந்நூலும் குழந்தைகளின் கைக்கு வந்து சேர்ந்ததே. பெரியப்பா பத்திரிகை நடத்த, தந்தை காட்டிலிருந்து செய்தி கொண்டு வர, மகள் ஷில்லாங் மலை நகரில் பைன் மரங்களின் நடுவே வளர்ந்தாள். லொரெட்டோ கன்னிமாடப் பள்ளியில் ஆங்கிலம் படித்தாள். இயற்கையை நூலில் கற்குமுன் கண்ணாலேயே கண்டு பழகிய குழந்தைப் பருவம் அது. 1919-ல் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது.

அப்போது உபேந்திரகிசோர் இல்லை. 1915-ல் அவர் காலமாகிவிட, அவர் மைந்தர் சுகுமார் ராய் ‘சந்தேஷ்’ பத்திரிகையின் பொறுப்பை ஏற்றிருந்தார். இங்கிலாந்து சென்று அச்சுத் தொழில் நுட்பம் கற்றுத் திரும்பியவர் சுகுமார். நகைச்சுவைப் பாடல்களால் வங்கமெங்கும் புகழ் பெற்ற அவர், விஞ்ஞான விஷயங்களையும் குழந்தைகளுக்கு எளிய நடையில் எழுதி வந்தார். ‘ஹேஷோராம் ஹுஷியாரின் நாட்குறிப்பு’ என்று அவர் எழுதிய கதையை விஞ்ஞானக் கற்பனை என்றும் கூறலாம். விஞ்ஞானக் கற்பனையைக் கேலி செய்தது என்றும் கூறலாம். கானன் டாயில் எழுதிய ‘மறைந்த உலகம்’ என்னும் நாவலைப் போலவே இங்கும் ஒரு குழு யாரும் காணாத விலங்குகளைத் தேடிச் செல்கிறது. காணும் விலங்குகளுக்கெல்லாம் இலத்தீனும் வங்கமும் கலந்த பெயர்களைச் சூட்டி மகிழ்கிறது.

1922-ஆம் ஆண்டு, பதினான்கு வயதுச் சிறுமி லீலாவின் முதற் கதை ‘சந்தேஷ்’ இதழில் வெளியாயிற்று. ‘லக்கி சேலே’, அதாவது ‘நல்ல பிள்ளை’, என்பது அதன் பெயர். படமும் அவரே வரைந்தார். அடுத்த ஆண்டே சுகுமார் ராய் காலமானார். அவருக்கு வயது முப்பத்தைந்து. காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் அவரைக் கொண்டு போயிற்று. அந்நோய்க்கு மருந்தாகிய யூரியா ஸ்டிபமைனை உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்னும் மருத்துவ அறிஞர் அதே கல்கத்தா நகரில் அந்த ஆண்டுகளிலேயே உருவாக்கியிருந்தார். ஆனால் அம்மருந்து எல்லோருக்கும் எட்டும் காலம் இன்னும் வரவில்லை. விஞ்ஞானத்தைக் குழந்தைகளுக்கு இனிக்க இனிக்கச் சொன்ன ஒருவரை, விஞ்ஞானம் சற்றே காலந்தாழ்ந்து வந்த காரணத்தால் நாடு இழந்தது. அச்சகம் கடனில் மூழ்கியது. ‘சந்தேஷ்’ நின்றது. பின்னர் முப்பதுகளில் சில காலம் உயிர் பெற்று மீண்டும் நின்றது.

பத்திரிகை நின்றதே தவிர, அதில் முதற் கதை எழுதிய பெண்ணின் எழுத்து நிற்கவில்லை. லீலா கல்கத்தாச் சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் பயின்று, பி. ஏ., எம். ஏ. ஆகிய இரு தேர்வுகளிலும் முதலிடம் பெற்றார். 1931-ல் டார்ஜிலிங்கில் ஆசிரியையாகப் பணி தொடங்கினார். கவியரசர் தாகூர் அழைக்கவே சாந்திநிகேதனம் சென்று ஏறக்குறைய ஓராண்டு கற்பித்தார். 1933-ல் பல் மருத்துவர் சுதீர் குமார் மஜும்தாரைத் தாமே விரும்பி மணந்தார். தந்தையார் இத்திருமணத்தை ஏற்கவில்லை. குடும்பத்தில் மற்றவர்கள் உறவு பாராட்டி வந்தபோதிலும், தந்தைக்கும் மகளுக்கும் இடையே இருந்த தொடர்பு அன்றோடு அற்றது. தந்தை மகளை விலக்கினார். மகளின் எழுத்தோ தந்தை காட்டிய வனத்தை ஒரு நாளும் விலக்கவில்லை. அவருடைய கதைகளில் காடு மீண்டும் மீண்டும் வருவதை நாம் காணும்போது, இந்த வரலாறு நம் நினைவுக்கு வராமற் போகாது.

அவருடைய முதல் நூல் ‘பத்யிநாதேர் படி’, ‘வைத்தியநாதனின் மாத்திரை’, 1939-ல் வந்தது. 1948-ல் வந்த ‘தின் துபுரே’, ‘பட்டப்பகலில்’, அவருக்குப் புகழ் தேடித் தந்தது. ஆயினும் மணமான பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வீட்டுப் பொறுப்பையும் எழுத்தையும் இரு தோள்களிலும் சுமந்தே அவர் நடந்தார். அடுப்பங்கரை வேலை எழுத்தாளருக்குப் பகை என்று சொல்வோர் உளர். லீலா மஜும்தாரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வீட்டில் வாழ்ந்தன. பிற்காலத்தில் சமையல் நூல் ஒன்றையும் அவர் எழுதினார் என்பதே இதற்குச் சான்று.

1956-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். அகில இந்திய வானொலியின் கல்கத்தா நிலையத்தில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக அவர் சேர்ந்தார்; ஏழெட்டு ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். பெண்களுக்கான ‘மகிளா மஹல்’ நிகழ்ச்சிக்காக அவர் படைத்த ‘மணிமாலா’ வங்க இல்லங்களில் பெரிதும் கேட்கப்பட்டது. மணிமாலா அரசகுமாரி அல்லள், வீராங்கனையும் அல்லள். நடுத்தரக் குடும்பத்தில் வளரும் சாதாரணப் பெண். அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது பாட்டி கடிதம் எழுதத் தொடங்குகிறாள். அவள் வளர்ந்து, மணந்து, தாயாகும் வரை அக்கடிதங்கள் தொடர்கின்றன. வீட்டில் பெரியோர் வாய் திறந்து பேசத் தயங்கும் செய்திகளைப் பாட்டியின் குரலில் வானொலி பேசிற்று.

வானொலிப் பயிற்சி எழுத்தாளருக்கு என்ன தரும்? கண்ணுக்கு எழுதுகிறவர் வாசகனைத் திரும்பிப் பார்க்கச் சொல்லலாம். முதற் பக்கத்தை மீண்டும் புரட்டச் சொல்லலாம். காதுக்கு எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. சொன்ன வாக்கியம் சொன்ன கணத்திலேயே விளங்க வேண்டும். கடினமான பெயரோ விளக்கமோ குறுக்கிட்டால் நேயர் எழுந்து போய்விடுவார். குழந்தைக்குக் கதை சொல்லும் பாட்டிமார் இந்த விதியை எழுதப் படிக்கத் தெரியாமலேயே அறிந்திருந்தனர். லீலா மஜும்தாரின் நடையில் நாம் காணும் பேச்சு வழக்கின் எளிமைக்கு ஷில்லாங்கும் சந்தேஷும் வித்திட்டிருக்கலாம். வானொலியும் அதற்கு நீர் ஊற்றியது என்று கூறுதல் தவறாகாது.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் நலம். 1957-ல் சோவியத் நாடு முதற் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியது. 1961 ஏப்ரலில் யூரி ககாரின் உலகைச் சுற்றி வந்தார். 1963 நவம்பரில் நம் நாட்டிலேயே, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட் வானில் எழுந்தது. குழந்தைகள் நிலாவைக் காட்டிச் சோறுண்ட காலம் போய், நிலாவுக்குப் போவது எப்படி என்று கேட்கும் காலம் வந்துவிட்டது. இக்கேள்விக்கு வங்கம் கதைகளால் விடை அளித்தது.

1961-ல் சுகுமாரின் மைந்தர், திரைப்பட மேதை சத்யஜித் ராய், கவிஞர் சுபாஷ் முகோபாத்தியாயருடன் சேர்ந்து ‘சந்தேஷ்’ பத்திரிகையை மீண்டும் தொடங்கினார். பேராசிரியர் ஷொங்கு என்னும் விஞ்ஞானியின் விண்வெளிப் பயணக் கதையை அவ்வாண்டே அதில் எழுதினார். 1963-ல் அத்ரீஷ் பர்தன் என்பவர் ‘ஆச்சரிய’ என்னும் பெயரில் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஒரு மாத இதழ் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கெனத் தனியே தோன்றிய முதல் இதழ் அதுவே என்பர். அதே 1963-ல் லீலா மஜும்தார் ‘சந்தேஷ்’ ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். 1966-ல் கல்கத்தா வானொலி நிலையம் ‘சபுஜ் மானுஷ்’, ‘பச்சை மனிதர்’, என்னும் தலைப்பில் ஒரு கதையைப் பிரேமேந்திர மித்திரர், சத்யஜித் ராய் முதலிய நால்வர் பகுதி பகுதியாக எழுதி வாசிக்க ஒலிபரப்பிற்று. அச்சும் வானொலியும் ஒன்றையொன்று கைதூக்கிவிட்ட காலம் அது.

இச்சூழலில் லீலா மஜும்தார் எழுதிய விஞ்ஞானக் கதைகளுள் ‘மாக்கு’ என்பதை நாம் தனியே எடுத்துக் காண வேண்டும். கடிகாரங்கள் செய்யும் ஒருவன் பல ஆண்டுகள் பாடுபட்டு ஓர் இயந்திர மனிதனைச் செய்கிறான். அவனுக்கு மாக்கு என்று பெயர். மாக்கு நடப்பான், பேசுவான், வேலை செய்வான். மனிதன் என்றே யாரும் நினைப்பர். ஆனால் அவனுக்குச் சிரிக்கத் தெரியாது, அழத் தெரியாது. அழுவதற்கு ஒரு பொறி தனக்குள் வைத்துத் தர வேண்டும் என்று அவன் கடிகாரக்காரனை விடாமல் துரத்துகிறான். கடிகாரக்காரனோ பொறி செய்ய வழியின்றி ஓடி ஒளிகிறான். வீட்டை விட்டுக் கிளம்பிக் காலியா வனத்துக்குள் வந்துவிட்ட சோனா, டியா என்னும் இரு சிறு சகோதரிகள் இச்சிக்கலுக்குள் சென்று அகப்படுகின்றனர். அவ்வனத்திலேயே பிழைப்பிழந்த சர்க்கஸ் கூட்டம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது.

செயற்கை மனிதனைப் பற்றிய கதைகள் உலகில் பல. 1818-ல் மேரி ஷெல்லி அம்மையார் எழுதிய ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலில், படைக்கப்பட்டவன் தன்னைக் கைவிட்ட படைத்தவனை வஞ்சினத்தோடு தொடர்கிறான். 1920-ல் செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாபெக் எழுதிய நாடகமே ‘ரோபோ’ என்னும் சொல்லை உலகுக்குத் தந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து பிறந்தது அது. அங்கே ரோபோக்கள் மனிதகுலத்தின் மீது கலகம் செய்கின்றன. மாக்குவும் தன்னைப் படைத்தவனைத் துரத்துகிறான். ஆனால் பழி வாங்க அன்று. அவன் கேட்பது ஆட்சியும் அன்று, விடுதலையும் அன்று. கண்ணீர் வேண்டும் என்று கேட்கிறான். இதை எழுதியவர் எந்தத் தத்துவத்தையும் குழந்தைக்கு விளக்கவில்லை. அழுகையை நிறுத்து என்று நாள்தோறும் பெரியோரிடம் கேட்டுப் பழகிய குழந்தை, அழ முடியாத ஒருவன் அழுவதற்காக ஏங்குவதைக் காண்கிறது. தன்னிடம் உள்ள ஒரு பொருள் எத்தனை அரியது என்பதை அப்போது அது தானாகவே அறிந்துகொள்கிறது.

சத்யஜித் ராயின் ஷொங்குவோடு இதை ஒப்பிட்டால் லீலா மஜும்தாரின் தனித்தன்மை விளங்கும். ஷொங்கு கிரிதியில் ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கும் பேரறிஞர். அவரிடமும் விதுசேகர் என்னும் இயந்திர மனிதன் உண்டு. அக்கதைகளில் விஞ்ஞானத்தின் வியப்பு விஞ்ஞானியின் நாட்குறிப்பின் வழியே நமக்கு எட்டுகிறது. லீலா மஜும்தாரின் கதையில் படைப்பாளி பேராசிரியர் அல்லர். தெருவில் நாம் காணும் கைவினைஞன். ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பதிலாக வனம். அறிஞர் சபைக்குப் பதிலாக இரு சிறுமிகள். இயந்திரத்தை ஆளும் அறிவு ஒருபுறம் இருக்க, அவ்வியந்திரம் நம்மிடையே வந்து உட்கார்ந்தால் அதற்கு யார் சோறு போடுவது, யார் ஆறுதல் சொல்வது என்று கேட்கும் மனம் இங்கே பேசுகிறது. இம்மனம் இல்லத்தைப் பல்லாண்டு நடத்திய ஒருவரின் மனம் என்பதை நாம் மறுக்க இயலாது.

இயற்கையை அவர் அணுகிய முறையும் இத்தகையதே. ‘ஹல்தே பாக்கீர் பாலக்’, ‘மஞ்சள் பறவையின் இறகு’, என்னும் அவருடைய நூல் மாநில அரசின் குழந்தை இலக்கியப் பரிசைப் பெற்றது. வீட்டு நாய் காணாமற் போகிறது. அதை எண்ணி வருந்தும் இரு குழந்தைகளுக்குப் பணியாள் ஜக்ரு தன் ஊராகிய தும்காவின் மலைகளையும் பறவைகளையும் பற்றிக் கதை கதையாகச் சொல்கிறான். எது உண்மை, எது கற்பனை என்று குழந்தைகள் அவனைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். விலங்குகளின் பெயர்ப் பட்டியலோ உறுப்புகளின் விளக்கமோ இங்கில்லை. ஓர் உயிரை இழந்த துயரத்தின் வழியே மற்ற உயிர்களின் உலகம் குழந்தைக்குத் திறக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். இத்தகைய கதைகளால் விஞ்ஞான அறிவு வளருமா? மந்திரமும் இயந்திரமும் ஒன்றாய்க் கலந்தால் குழந்தை குழம்பிப் போகாதா? கேள்வி நியாயமானதே. ‘மாக்கு’வைப் படித்து எவரும் கடிகாரத்தின் அமைப்பைக் கற்றுவிட முடியாது. வங்கத்தில் அதற்கு வேறு நூல்கள் இருந்தன. சாந்திநிகேதனத்து ஆசிரியர் ஜகதானந்த ராய் கோள்களையும் செடிகொடிகளையும் பூச்சிகளையும் பற்றிச் சிறுவர்களுக்கு நூல்கள் எழுதினார். கவியரசர் தாகூரே 1937-ல் ‘விசுவ பரிசயம்’ என்னும் விஞ்ஞான நூலை எழுதி, இயற்பியல் அறிஞர் சத்தியேந்திரநாத் போசுக்குக் காணிக்கை ஆக்கினார். பாடம் சொல்லும் பணியை அந்நூல்கள் செய்தன. லீலா மஜும்தாரின் கதைகள் செய்தது அதற்கு முற்பட்ட பணி. இது ஏன் இப்படி இருக்கிறது, வேறு விதமாக இருந்தால் என்ன ஆகும் என்று குழந்தையைக் கேட்கச் செய்யும் பணி அது. கேள்வி பிறக்காத மனத்தில் பாடம் தங்குவதில்லை என்பதை ஆசிரியத் தொழில் செய்தோர் அனைவரும் அறிவர். அன்றியும், கதையை உண்மை என்று நம்பிக் குழந்தை ஏமாறும் என்று அஞ்சுவோர் குழந்தையின் அறிவைக் குறைத்து மதிக்கின்றனர். ஜக்ருவைக் கேள்வி கேட்கும் குழந்தைகளே இவ்வச்சத்துக்குத் தக்க விடை.

1963 முதல் 1994 வரை, முப்பத்தொரு ஆண்டுகள் லீலா மஜும்தார் ‘சந்தேஷ்’ ஆசிரியப் பொறுப்பில் இருந்தார். சத்யஜித் ராயும், உறவினராகிய நளினி தாஸ் அம்மையாரும் அவரோடு அப்பொறுப்பைப் பகிர்ந்துகொண்டனர். குழந்தைப் பத்திரிகை நடத்துவதில் பொருள் சேர்வதில்லை. உபேந்திரகிசோர் மறைந்தபோது மகன் இருந்தார். சுகுமார் மறைந்தபோது அதை ஏந்திப் பிடிக்க வலுவுள்ள கைகள் இல்லை, பத்திரிகையும் வீழ்ந்தது. மூன்றாம் முறை அது தொடங்கியபோது நீடித்து நின்றதற்குக் காரணங்கள் பல உண்டு. கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, புதியவர்களுக்கு இடங்கொடுத்து, இதழ் தவறாமல் வெளிவர உழைத்த ஆசிரியர்களின் பொறுமை அவற்றுள் சிறியதன்று. நூலாசிரியரைப் பாராட்டுகிற நாம் இதழாசிரியரை மறந்துவிடுகிறோம். ஓர் எழுத்தாளர் தம் நூல்களால் வாழ்கிறார். நல்ல இதழாசிரியரோ பிறருடைய நூல்களிலும் வாழ்கிறார்.

அவருடைய நூல்களின் முழுமை பெறாத பட்டியலே 125 நூல்களைக் காட்டுகிறது. இளமை நினைவுகளைக் கூறும் ‘ஆர் கோனோகானே’ என்னும் நூலுக்கு ரவீந்திர புரஸ்கார் கிடைத்தது. விசுவபாரதி சர்வகலாசாலை ‘தேசிகோத்தம’ பட்டம் அளித்துச் சிறப்பித்தது. அவருடைய ‘பதி பிஷீர் பர்மி பாக்ஸோ’, ‘பதி அத்தையின் பர்மாப் பெட்டி’, 1972-ல் திரைப்படமாக வந்தது. இப்பெருமைகளெல்லாம் பெரியோர் அளித்தவை. ‘தின் துபுரே’ படித்த குழந்தைகள் தாத்தா பாட்டி ஆனபின்பும் தம் பேரக் குழந்தைகளுக்கு அதே நூலை வாங்கித் தந்தனர் என்றால், அது வேறு வகையான பரிசு.

இந்தியாவின் ஒவ்வொரு மொழியிலும் குழந்தை பிறக்கிறது, நிலவைப் பார்க்கிறது, கடிகாரத்துக்குள் ஓசை எழுவது ஏன் என்று கேட்கிறது. அக்கேள்விக்கு அதன் தாய்மொழியில் விடை இல்லையாயின், விஞ்ஞானம் பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்கு மட்டும் உரியது என்று அது முடிவு செய்துவிடும். வங்கத்தில் அவ்வாறு நேராமல் காத்தவர்கள் ஒரு சிலரே. படம் நன்றாக அச்சாக வேண்டும் என்று ஒளியியல் கற்ற ஒருவர். வனத்திலிருந்து செய்தி கொண்டு வந்த ஒருவர். கூந்தல் தைலத்துக்குக் கதை கேட்ட ஒரு வணிகர். அக்கதையை எழுதக் கூசாத ஒரு விஞ்ஞானி. இவர்கள் சேர்த்து வைத்த செல்வத்தைக் கையில் வாங்கி, வானொலி நிலையத்திலும் பத்திரிகை அலுவலகத்திலும் வீட்டு முற்றத்திலும் இருந்தபடி, தம் காலத்துக் குழந்தைகளுக்குப் பகிர்ந்தளித்தவர் லீலா மஜும்தார். நம் வீடுகளிலும் இயந்திரங்கள் இன்று பேசத் தொடங்கிவிட்டன. நாம் கேட்பதற்கெல்லாம் அவை விடை தருகின்றன. அவற்றோடு வளரும் நம் பிள்ளைகளுக்கு, கண்ணீர் கேட்டு வனத்தில் அலைந்த மாக்குவின் கதையையும் யாரேனும் தமிழில் சொல்லித் தருவார்களாயின் நன்றாக இருக்கும்.